வியக்க வைக்க எடுத்த படம் சிரிக்க வைப்பது ஏன்?

சிரிக்க வைப்பதற்கென்றே எடுக்கப்பட்ட படத்தைப் பார்த்துச் சிரிப்பதில் புதுமை ஒன்றுமில்லை. அழ வைப்பதற்கென்று எடுக்கப்பட்ட படத்தைப் பார்த்து அழுவதிலும் வியப்பில்லை. ஆனால், அஞ்ச வைக்கவும், மெய்சிலிர்க்க வைக்கவும், கை கூப்ப வைக்கவும் முழு மனத்தோடு எடுக்கப்பட்ட ஒரு படத்தைப் பார்த்து வீட்டிலுள்ள இளையோர் விழுந்து விழுந்து சிரிக்கிறார்களே, அது ஏன்? அதே கூடத்தில் அமர்ந்து அதே காட்சியைப் பார்க்கும் பாட்டியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக் கொள்கிறாரே, அது எப்படி?

பழைய திரைப்படங்கள் தொலைக்காட்சியில் நாள் தவறாமல் வருகின்றன. அவற்றிலிருந்து நறுக்கி எடுத்த துண்டுக் காட்சிகள் கைப்பேசிகளில் உலவுகின்றன. ஆகவே இச்சிரிப்பு ஏதோ ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று. எங்கும் கேட்கும் ஒலியாகி விட்டது. இதனைச் சற்றே ஆராய்ந்து பார்ப்பது வீண் வேலையாகாது என்று எண்ணுகிறோம். ஏனெனில், இவ்வாறு சிரிப்புக்கு ஆளாகும் காட்சிகளில் மிகப் பல, தெய்வத்தையும் அடியாரையும் அற்புதத்தையும் பற்றியவை. அண்ணாமலையின் அடிவாரத்தில், கார்த்திகைத் தீபத்தன்று தெருவெல்லாம் மக்கள் வெள்ளமாகும் இந்நகரில், பிற சமயத்தாரோடு சுவரும் சுவரும் ஒட்டிய வீடுகளில் வாழும் நமக்கு, எதைக் கண்டு சிரிக்கிறோம், எப்படிச் சிரிக்கிறோம் என்பது சிறிய கேள்வியன்று.

மேனாட்டார் இட்ட பெயர்

ஆங்கிலத்தில் இவ்வகைச் சுவைக்குக் ‘கேம்ப்’ என்று பெயர். முகாம் என்ற பொருளில் நாம் அறிந்திருக்கும் சொல்லின் வடிவமே இதுவும். பொருள் மட்டும் முற்றிலும் வேறு. மிகையான நடிப்பு, மிகையான ஒப்பனை, மிகையான உணர்ச்சி ஆகியவற்றைக் கண்டு, அவை மிகை என்று தெரிந்தே மகிழும் ஒரு சுவையை அது குறிக்கும்.

1964-ஆம் ஆண்டு சூசன் சொன்டாக் என்ற அமெரிக்க எழுத்தாளர் ‘பார்ட்டிசன் ரிவ்யூ’ என்னும் இதழில் இதைப் பற்றி 58 குறிப்புகள் அடங்கிய கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அதுவரை சிறு வட்டத்தாரிடையே, சிறப்பாகச் சமூகத்தால் ஒதுக்கப்பட்டு மறைந்து வாழ நேர்ந்த தன்பால் ஈர்ப்புடையோரிடையே, வழங்கி வந்த இந்தச் சுவை, அக்கட்டுரைக்குப் பின் உலகறிந்த பொருளாயிற்று. அவர் சொன்னவற்றுள் இரண்டு கருத்துகள் நமக்கு இங்கே பயன்படும். இச்சுவையின் தூய வடிவம் தன்னைத் தானே அறியாதது; அதாவது, படைத்தவர் சிரிப்பூட்ட எண்ணவில்லை, மெய்யாகவே மேன்மையான ஒன்றைப் படைக்க எண்ணினார் என்பது முதற் கருத்து. மட்டமான படைப்பெல்லாம் இவ்வகையில் சேர்ந்துவிடாது என்பது இரண்டாவது. அரைமனத்தோடு ஒப்பேற்றிய படம் நமக்குச் சலிப்பையே தரும். வானத்தை வில்லாக வளைக்கப் புறப்பட்டு, வளைக்க முடியாமற் போன படம்தான் நம்மைப் பிடித்து நிறுத்துகிறது.

தொல்காப்பியர் தரும் திறவுகோல்

மேனாட்டுச் சொல் நமக்குப் புதிதாக இருக்கலாம். ஆனால் பொருளை விளக்கும் கருவி நம்மிடமே இருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் மனித உள்ளத்தின் உணர்வுகளை எட்டாக வகுக்கிறது. நகை அவற்றுள் ஒன்று. வியப்பு எனப்படும் மருட்கையும் அவற்றுள் ஒன்று. ஒவ்வோர் உணர்வும் எவ்வெவற்றிலிருந்து பிறக்கும் என்பதையும் அந்நூல் நந்நான்காகப் பிரித்துச் சொல்கிறது.

நகை பிறக்கும் இடங்களுள் முதலாவது எள்ளல். பிறரை இகழ்ந்து சிரிப்பது. மற்ற மூன்றும் அத்தகையன அல்ல. இளமை என்பது முதிராத் தன்மை. குழந்தை மழலை பேசினால் நாம் சிரிக்கிறோமே, அது. பேதைமை என்பது அறியாமை. மடன் என்பது, கற்பித்ததை அப்படியே ஏற்றுக் கொண்டு, ஏற்றதை விடாமல் பற்றிக் கொள்ளும் வெள்ளை மனம் என்று உரைகாரர் விளக்குவர். எள்ளலில் பிறக்கும் சிரிப்புக்கும் ஏனைய மூன்றில் பிறக்கும் சிரிப்புக்கும் உள்ள தொலைவு பெரிது. முன்னது குத்தும், பின்னது அணைக்கும்.

மருட்கைக்கு இடமாகச் சொல்லப்படும் நான்கனுள் புதுமை முதலில் நிற்கிறது. பெருமை, சிறுமை, ஆக்கம் என்பன அதனைத் தொடர்கின்றன. இதுவரை காணாதது, மிகப் பெரியது, மிகச் சிறியது, ஒன்று மற்றொன்றாக மாறுவது ஆகியவற்றைக் கண்டால் மனிதன் வியக்கிறான். பக்திப் படங்களின் அற்புதக் காட்சிகள் அனைத்தும் இந்நான்கையே நம்பி நிற்கின்றன அல்லவா? அவற்றுள் புதுமை என்பது நாள்பட்டால் தேய்ந்து போகும் சரக்கு. அது தேய்ந்த இடத்தில் வியப்பு வற்றுகிறது. ஆனால் வியக்க வைக்க விரும்பியவரின் ஆவல் மட்டும் திரையில் அப்படியே நிற்கிறது. வியப்பை நோக்கி எய்த அம்பு நகையிற் போய்த் தைப்பது இவ்வாறுதான்.

கூத்து மேடையில் மிகை பிழையன்று

மிகையே குற்றம் என்று சிலர் எண்ணுவர். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது பழமொழி. ஆனால் கலையில் அளவு என்பது எது என்று கேட்க வேண்டும். நம் மாவட்டத்திலேயே அதற்கு விடை இருக்கிறது. செய்யாறு வட்டாரத்திலுள்ள புரிசை, தெருக்கூத்துக்குப் பெயர் பெற்ற ஊர். புரிசை கண்ணப்பத் தம்பிரான் அக்கலையின் பெயரை நாடெங்கும் பரப்பியவர். 1977-இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமி போன்ற நவீன நாடகக்காரர்களும் அவரை நாடி வந்து கற்றார்கள்.

அக்கூத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். இலேசான மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் வண்ணத் தாளும் ஒட்டிய பெரிய கிரீடம், தோள்களில் புஜக்கட்டைகள், மார்பில் பதக்கம், முகம் முழுவதும் அரிதாரம். இருவர் திரையைப் பிடித்துக் கொண்டு நிற்க, அதன் பின்னிருந்து வேடக்காரர் தம்முடைய புகழைத் தாமே பாடுவார். திரை விலகியதும் சுழன்று சுழன்று ஆடுவார். ‘வந்தேனே’ என்று அவர் இடும் குரல் அடுத்த தெருவுக்கும் கேட்கும். இவற்றுள் எதுவும் இயற்கையன்று. ஆயினும், விடிய விடிய அமர்ந்து பார்க்கும் ஊரார் அவரைப் பார்த்துச் சிரிப்பதில்லை. பாரதக் கூத்தில் பாஞ்சாலி சபதம் நிறைவேறும் வேளையில் பெண்கள் கண்ணீர் விடுவார்கள். சிலர் ஆவேசம் கொள்வதும் உண்டு.

ஏன்? முதற் காரணம், அந்த மிகை தேவையிலிருந்து பிறந்தது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், மங்கிய விளக்கொளியில், கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டுமானால் முகம் பெரிதாக வேண்டும். குரல் உயர வேண்டும். இரண்டாவது காரணம், பார்ப்பவருக்கும் ஆடுபவருக்கும் இடையே ஓர் உடன்படிக்கை உண்டு. கிரீடம் மரம் என்பது இருவருக்கும் தெரியும். தெரிந்தே அதனைப் பொன்னாக ஏற்கிறார்கள்.

மூன்றாவது காரணம் மிகவும் நுட்பமானது. கூத்தில் கட்டியங்காரன் என்றொரு பாத்திரம் உண்டு. அரசனை அறிமுகப்படுத்துபவன் அவன். அரசனைக் கேலி செய்பவனும் அவனே. ‘இவ்வளவு பெரிய கிரீடத்தைத் தூக்கிக் கொண்டு எப்படி ஐயா நடக்கிறீர்?’ என்ற பாணியில், பார்ப்பவர் மனத்தில் எழக்கூடிய கேலியை அவன் முந்திக் கொண்டு கேட்டு விடுவான். ஊர் வயிறு குலுங்கச் சிரிக்கும். சிரித்து ஓய்ந்த ஊர், பிறகு அரசனின் துயரத்தை முழு மனத்தோடு ஏற்கும். சிரிப்புக்கென்று உள்ளேயே ஓர் ஆசனம் போட்டு வைத்த கலை அது. அந்த ஆசனம் இல்லாத படைப்பில், பார்ப்பவரே கட்டியங்காரன் ஆகிவிடுகிறார். இதுவே நாம் சொல்ல வந்த செய்தியின் மையம்.

கோபுரத்திலிருந்து குதித்த அடியார்

திருவண்ணாமலையைக் கதைக்களமாகக் கொண்ட பழம்படம் ஒன்றையே எடுத்துக் கொள்வோம். 1964-இல் டி.ஆர். இராமண்ணா இயக்கத்தில் ‘அருணகிரிநாதர்’ வெளிவந்தது. வாழ்வை வெறுத்த அருணகிரியார் இங்குள்ள வல்லாள மகாராசன் கோபுரத்தின் மீதேறிக் குதித்தார் என்பதும், முருகப் பெருமான் அவரைத் தாங்கிக் காத்துப் பாடப் பணித்தார் என்பதும் ஊரறிந்த வரலாறு. அக்கோபுரத்தருகே கோபுரத்து இளையனார் சந்நிதியை இன்றும் காணலாம். படத்தில் அடியாராக நடித்தவர் பின்னணிப் பாடகர் டி.எம். சௌந்தரராசன். 1962-இல் ‘பட்டினத்தார்’ படத்திலும் அவரே நாயகர். நடிப்பு அவருடைய தொழிலன்று. பாட்டே அவர் தொழில்.

கோபுரத்திலிருந்து ஒருவர் வீழ்வதையும், வானில் ஒரு தெய்வம் தோன்றித் தாங்குவதையும் படமாக்க அக்கால ஸ்டூடியோக்களிடம் இருந்த வழிகள் சிலவே. மாதிரிக் கோபுரம் கட்டலாம், பொம்மையை வீழ்த்தலாம், ஒரு படச்சுருளின் மீது மற்றொரு காட்சியைப் பதியலாம். கணிப்பொறியால் மலைகளையே பெயர்த்து வைக்கும் படங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அத்தகைய காட்சிகள் பொம்மலாட்டமாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் அப்படத்தில், நாவுக்குச் சவாலான திருப்புகழ்ப் பாடலை டி.எம்.எஸ். பாடத் தொடங்கியதும் சிரிப்பு அடங்கி விடுகிறது. அங்கே மிகைக்கு ஏற்ற ஆற்றலும் இருந்தது. முருகன் கோயில் விழாக்களில் அப்பாடல் இன்றும் ஒலிக்கிறது. வழிமுறை எட்டாத இடத்தில் குரல் எட்டியது.

அடுத்த ஆண்டு, 1965-இல், ஏ.பி. நாகராசனின் ‘திருவிளையாடல்’ வந்தது. சிவபெருமானாகச் சிவாஜி கணேசன், பார்வதியாகச் சாவித்திரி, ஔவையாராகக் கே.பி. சுந்தராம்பாள். அட்டைக் கயிலாயம், சரிகை உடை, இடிமுழக்கக் குரல் என்று மிகைக்குக் குறைவே இல்லை. மீனவர் வேடத்தில் சிவாஜி கடற்கரையில் நடக்கும் நடையை இன்றும் பிள்ளைகள் நடித்துக் காட்டிச் சிரிக்கிறார்கள். ஆயினும் அப்படம் யாருடைய ஏளனத்துக்கும் ஆளாகவில்லை. காரணம், அதற்குள் நாகேஷ் இருந்தார். பரிசுப் பணத்துக்கு ஏங்கும் ஏழைப் புலவன் தருமியாக வந்து, இறைவனிடமே கேள்வி கேட்டு, புலம்பி, நடுங்கி, நமக்குரிய சிரிப்பையெல்லாம் அவரே வாங்கிக் கொண்டார். கூத்தின் கட்டியங்காரன் சினிமாவுக்குள் வந்து அமர்ந்தது போன்றது அது. நக்கீரராக வந்தவர் இயக்குநர் நாகராசனே. நாடக மேடையிலிருந்து வந்த அவருக்கு, உயர்ந்த பீடத்தின் அடியில் ஒரு கோமாளிக்கும் இடம் விட வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

சிவாஜியின் நடிப்பே மிகை என்று குறை கூறுவோர் அன்றும் இருந்தனர். சிறு வயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து, கொட்டகையின் கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி பேசப் பழகிய கலைஞர் அவர். அந்தப் பழக்கத்தின் முன்னே காமிரா அருகில் வந்து நின்றபோது மிகை தெரியத்தான் செய்தது. ஆனால் 1964-இல் வந்த ‘கர்ணன்’, 2012-இல் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திரையிடப்பட்டபோது, அவர் பேரன் வயதுடைய இளைஞர்கள் கொட்டகைகளை நிறைத்து, உரத்த வசனங்களுக்குக் கைதட்டினார்கள். உடன்படிக்கையைப் புதுப்பித்துக் கொள்ள விரும்புபவர்க்குக் காலம் ஒரு தடையன்று என்பதற்கு இது சான்று.

அம்பும் அலைகடலும்

தந்திரக் காட்சிகளின் கதை இன்னும் தெளிவாக நம் கருத்தை விளக்கும். காமிராவை நிறுத்தி, நடிகரை விலகச் சொல்லி, மீண்டும் ஓட விட்டால் அவர் திரையில் மறைந்து போவார். படச்சுருளின் பாதியை மறைத்து இருமுறை பதிவு செய்தால் ஒருவரே இருவராவார். பல்லாண்டுகள் நம் மக்களை வாய் பிளக்க வைத்தவை இத்தகைய எளிய சூழ்ச்சிகளே. தெலுங்கில் பி. விட்டலாச்சாரியா எடுத்துத் தமிழில் குரல் மாற்றி வந்த மாயாசாலப் படங்களை நம் முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். 1978-இல் வந்த ‘ஜகன்மோகினி’யில் பேய்ப்பெண் தன் காலையே விறகாக அடுப்பில் நீட்டிச் சமைப்பாள். அன்று அதைப் பார்த்து இரவெல்லாம் தூங்காத பிள்ளைகள், இன்று தாத்தாக்களாகி, பேரனோடு சேர்ந்து அதையே பார்த்துச் சிரிக்கிறார்கள். படம் மாறவில்லை, புதுமை தேய்ந்து விட்டது.

பெரும் பணமும் இதற்கு விலக்கன்று. செசில் டி மில் 1956-இல் எடுத்த ‘பத்துக் கட்டளைகள்’ படம் ஏறத்தாழ மூன்றே முக்கால் மணி நேரம் ஓடியது. செங்கடல் பிளக்கும் காட்சிக்குப் பெருந்தொட்டிகளில் நீரைக் கொட்டிப் படம் பிடித்து, அதைத் தலைகீழாக ஓட்டிக் காட்டினார்கள். சிறந்த தந்திரக் காட்சிகளுக்கான ஆஸ்கார் விருதும் கிடைத்தது. இன்று பார்க்கும் பிள்ளைகளுக்குக் கடலை விட, மோசேயாக நடித்த சார்ல்டன் ஹெஸ்டனின் தாடியும் முழக்கமுமே கண்ணில் படுகின்றன.

1987 சனவரி முதல் 1988 சூலை வரை தூர்தர்சனில் ஞாயிறுதோறும் காலையில் இராமானந்த சாகரின் ‘இராமாயணம்’ ஒளிபரப்பாயிற்று. வானில் இரு அம்புகள் மெதுவாக நகர்ந்து வந்து, ஒன்றையொன்று முட்டிப் பொறி பறக்கும். நாட்டின் பல பகுதிகளில் மக்கள் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாலையிட்டு ஊதுவத்தி ஏற்றிப் பார்த்தார்கள். 2020-இல் ஊரடங்குக் காலத்தில் அது மீண்டும் ஒளிபரப்பானபோது, அந்த அம்புகளைக் கேலி செய்தோரும் இருந்தனர். அதே பக்தியோடு பார்த்தோரும் எண்ணற்றோர் இருந்தனர். அம்பு எப்படிப் பறந்தது என்று பார்த்தவர் சிரித்தார். அம்பு எதற்காகப் பறந்தது என்று பார்த்தவர் வணங்கினார். இருவரும் பார்த்தது ஒரே பெட்டியை.

நம் வீட்டுப் படங்கள்

பிறர் வீட்டுப் படங்களை மட்டும் பேசிவிட்டு நிறுத்துவது முறையாகாது. ‘ஞானசௌந்தரி’யின் கதையை நம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அறியும். மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் கைகள் வெட்டப்பட்ட பெண்ணுக்குத் தேவமாதாவின் அருளால் கைகள் திரும்பக் கிடைக்கும் கதை அது. 1948-இல் இரண்டு நிறுவனங்கள் இக்கதையைப் படமாக்கின. எப். நாகூர் இயக்கத்தில் எம்.வி. இராசம்மாவும் டி.ஆர். மகாலிங்கமும் நடித்த சிடாடல் நிறுவனத்தின் படம் மக்கள் மனத்தைக் கொள்ளை கொண்டது. செல்வச் செழிப்புள்ள ஜெமினி நிறுவனத்தின் படமோ எடுபடவில்லை. அற்புதம் நிகழும் காட்சியை இன்றைய பிள்ளை பார்த்தால், கையை எங்கே மறைத்து வைத்திருந்தார்கள் என்றுதான் முதலில் தேடும். ஆனால் அதன் தேவமாதா பாடலோ, கொட்டகையை விட்டுக் கோயிலுக்கும் வீட்டுக்கும் வந்து சேர்ந்து விட்டது.

1971-இல் கே. தங்கப்பன் இயக்கிய ‘அன்னை வேளாங்கண்ணி’யும் அத்தகையதே. 1978-இல் ஏ. பீம்சிங் இயக்கிய தெலுங்குப் படமான ‘கருணாமயுடு’, பல மொழிகளில் குரல் மாற்றப்பட்டு, ஊர் ஊராகத் திரை கட்டிக் காட்டப்பட்டது. ஒட்டுத் தாடி, பொய்முடி, தலைக்குப் பின் ஒளிவட்டம் என்று சிரிக்க நினைப்பவருக்கு இவ்வகைப் படங்களில் தீனி நிறையவே உண்டு.

படங்கள் இருக்கட்டும், நம் பங்குகளில் தவக்காலத்தில் நடைபெறும் பாஸ்கா நாடகங்களை நினைத்துப் பாருங்கள். காகிதச் சிறகு கட்டிய வானதூதர் கயிற்றில் தொங்கியபடி இறங்குவார், கப்பி கிறீச்சிடும், பாதி வழியில் அவர் சற்றுத் தயங்கி நிற்பார். முன் வரிசைப் பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். பின் வரிசைத் தாய்மார் செபமாலையை இறுகப் பற்றியிருப்பார்கள். இருவரையும் நாம் அறிவோம். இருவர் மீதும் நமக்குக் கோபமில்லை. ஏன்? அந்த வானதூதர் நம் தெருப் பையன். அவன் அண்ணன் கயிற்றைப் பிடித்திருக்கிறான். அவன் சிறகை ஒட்டியவர் கன்னியர் மடத்துச் சகோதரி. எல்லாம் நமக்குத் தெரியும். ஆகவே நம் சிரிப்பில் எள்ளல் கலப்பதில்லை. பழைய வாசாப்பு நாடகங்களைப் பார்த்த நம் முன்னோரும் இப்படித்தான் சிரித்தும் அழுதும் இருப்பார்கள்.

இங்கேதான் கேள்வி எழுகிறது. நம் பாஸ்கா மேடையின் காகிதச் சிறகுக்கு நாம் காட்டும் இதே கனிவை, அடுத்த வீட்டார் வணங்கும் தெய்வத்தின் அட்டைக் கிரீடத்துக்கும் காட்டுகிறோமா? அம்மன் படத்தில் பாம்பும் யானையும் வந்து நீதி வழங்கும்போது, நம் பிள்ளைகள் சிரிப்பது அந்தப் பொம்மைப் பாம்பைக் கண்டா, அல்லது அதன் முன் கை கூப்பி நிற்கும் மனிதரைக் கண்டா? முதலாவது இளமை கண்டு பிறக்கும் நகை. இரண்டாவது எள்ளல். வெளியிலிருந்து கேட்பவருக்கு இரண்டும் ஒரே ஓசைதான். உள்ளே இருப்பது என்ன என்பதைச் சிரிப்பவர் மட்டுமே அறிவார்.

தெரிந்தே செய்யும் மிகை

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டையும் குறிக்க வேண்டும். சிரிக்க வைப்பதற்காகவே மிகையைக் கையாளும் படைப்புகளும் உண்டு. 1966 முதல் 1968 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த ‘பேட்மேன்’ தொடரில், வீரர் குத்து விட்டால் அந்த ஓசை எழுத்தாகத் திரையில் தெறிக்கும். நடிகர்களோ சிரிப்பின் நிழல் கூட முகத்தில் விழாமல் நடிப்பார்கள். குழந்தைகள் அதை வீரக் கதையாகப் பார்த்தார்கள். பெரியவர்கள் வேடிக்கையாகப் பார்த்தார்கள். நம் நாட்டில் சிம்புதேவன் இயக்கி வடிவேலு நடித்த ‘இம்சை அரசன் 23-ஆம் புலிகேசி’ 2006-இல் வந்தது. பழைய அரச படங்களின் கிரீடத்தையும் முழக்கத்தையும் எடுத்து, அவற்றுக்குள் ஒரு கோழையை அமர வைத்தது அது. 2010-இல் வந்த ‘தமிழ்ப் படம்’ பழைய பட வழக்கங்கள் அனைத்தையும் ஒன்றுவிடாமல் பகடி செய்தது.

இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பவையும் உள. ஊர்ப்பெயர்களையே படப்பெயர்களாக வைத்து வந்த இயக்குநர் பேரரசு, திருப்பாச்சி, சிவகாசி, திருப்பதி, தருமபுரி, பழனி என்று எடுத்து, 2008-இல் அர்சுனை நாயகராக்கி ‘திருவண்ணாமலை’ என்றும் ஒரு படம் தந்தார். நாயகன் பேசும் ஒவ்வொரு சவால் வசனமும் ஒரு வெடி. ஒவ்வொரு அடியிலும் பத்துப் பேர் பறப்பார்கள். இயக்குநர் நம்பி எடுத்தாரா, நமக்காகக் கண் சிமிட்டி எடுத்தாரா என்று பார்ப்பவர் தடுமாறுகிறார். தொலைக்காட்சித் தொடர்களில் ஒரு முகத்தை மும்முறை நெருக்கிக் காட்டி, இடி ஒலியும் சேர்ப்பதும் இத்தகையதே. அது வழக்கமாகிப் போன மிகை; அதில் முதல் நாளின் நம்பிக்கையும் இல்லை, கட்டியங்காரனின் அறிவும் இல்லை.

நம்பிச் செய்த மிகையில் ஒரு வெள்ளை மனம் தெரிகிறது. அறிந்து செய்த மிகையில் ஒரு கூர்மை தெரிகிறது. பழக்கத்தால் செய்த மிகையில் இரண்டும் இல்லை. நெடுநாள் நினைவில் நிற்பவை முதலிரண்டு வகைகளே.

பெற்றோருக்குச் சில சொற்கள்

அப்படியாயின் பிள்ளைகளைச் சிரிக்க வேண்டாம் என்று அடக்கலாமா? கூடாது. அடக்கிய சிரிப்பு மறைவில் எள்ளலாக முற்றும். நாம் செய்யத் தக்கவை வேறு.

முதலாவதாக, துண்டுக் காட்சியோடு நிறுத்தாமல் முழுப் படத்தையும் ஒன்றாக அமர்ந்து பாருங்கள். கைப்பேசியில் வரும் அரை நிமிடத்தில் கிரீடம் மட்டுமே தெரியும். கிரீடத்தின் கீழ் உள்ள கதை தெரியாது. தருமியை வெட்டி எடுத்துவிட்டுச் சிவாஜியை மட்டும் காட்டினால் ‘திருவிளையாட’லே வேறு படமாகிவிடும்.

இரண்டாவதாக, வீட்டிலுள்ள முதியோரைப் பேச விடுங்கள். அப்படத்தை முதன்முதல் எந்தக் கொட்டகையில், யாரோடு, எத்தனை மைல் நடந்து சென்று பார்த்தார்கள் என்று கேளுங்கள். எதைக் கண்டு அழுதார்கள் என்றும் கேளுங்கள். தேய்ந்து போன புதுமையை மீட்டுத் தருவதற்கு அந்தப் பேச்சை விடச் சிறந்த கருவி இல்லை. பிள்ளைகள் பிறகும் சிரிப்பார்கள். ஆனால் வேறு விதமாகச் சிரிப்பார்கள்.

மூன்றாவதாக, ஒரு சிறு சோதனையைப் பழக்கப்படுத்துங்கள். இந்தத் தெய்வத்தை வணங்கும் அண்டை வீட்டு அக்கா இப்போது நம்மருகில் அமர்ந்திருந்தால் இதே சிரிப்பை இதே அளவில் சிரிப்போமா? சிரிப்போம், அவரும் சேர்ந்து சிரிப்பார் என்றால் அச்சிரிப்பில் குற்றமில்லை. அவர் வந்ததும் சட்டென்று வாயை மூடிக் கொள்வோம் என்றால், அது எள்ளல் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. நம் வானதூதர் கயிற்றில் தயங்கி நிற்கும்போது அவர் எப்படிச் சிரிக்க வேண்டுமென்று நாம் விரும்புகிறோமோ, அப்படியே நாமும் சிரிப்போம்.

வாய்ப்புக் கிடைத்தால், கோடை மாதங்களில் நம் வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் கூத்து நடைபெறும் இரவொன்றில் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். திரைக்குப் பின்னிருந்து கிரீடத்தின் நுனி முதலில் தெரியும். கட்டியங்காரன் ஏதோ சொல்வான். ஊரோடு சேர்ந்து பிள்ளைகளும் சிரிப்பார்கள். திரை விலகும். அதன்பின் அவர்கள் முகத்தைப் பாருங்கள்.